மலை ரயிலில் ஏறி, கோத்தகிரி பஸ்ஸில் இறங்கி: நீலகிரி நாள்குறிப்பு

செவ்வாய்: மேட்டுப்பாளையம், குன்னூர்

சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடுகிறது. மலை ரயில் 7.10-க்கு. நடுவில் கிடைக்கிற நேரத்தில் முதல் வேலை வயிற்றைக் கவனிப்பதுதான். ஸ்டேஷனுக்கு வெளியே சின்னச் சின்ன டிபன் கடைகள் விடிவதற்கு முன்பே திறந்திருக்கின்றன. இட்லி, கெட்டிச் சட்னி, சூடாக ஒரு காபி. பெரியம்மா கூடுதலாக இரண்டு பொட்டலம் இட்லி கட்டி வாங்கிக்கொண்டார். "மலை ஏறுற வண்டிப்பா, பாதி வழியில பசிக்கும்" என்றார். நன்றாகவே பசித்தது.

இந்தப் பயணத்தில் பெரியம்மாவும் நானும் மட்டும். அவர் திண்டுக்கல்லில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கார் வேண்டாம், ரயிலும் அரசு பஸ்ஸும் ஆட்டோவும் நடையும் போதும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு அந்த வேலை இல்லை. மலைச் சாலைக்கும் ஒரு வண்டி குறைவு.

எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. நீலகிரியில் நாம் பார்க்கிறவற்றில் பாதி வெளியிலிருந்து வந்தவை. தேயிலை, கேரட், யூகலிப்டஸ், ரயில், சர்ச் எல்லாமே. யார் எதைக் கொண்டுவந்தார்கள், அதற்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சாப்பாட்டுத் தட்டு வழியாகவே தெரிந்துகொள்ளப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பாதைக்கான பேச்சு 1854-லேயே தொடங்கிவிட்டது. குன்னூர் வரை ரயில் வந்தது 1899-ல், ஊட்டி வரை நீண்டது 1908-ல். மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு வரை சாதாரண ரயில் மாதிரிதான் போகிறது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஜோடியாகத் தொடங்குகின்றன. ஒன்றில் பல் இருக்கிற இடத்தில் மற்றதில் பள்ளம் வருகிற மாதிரி பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியில் இருக்கும் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஸ்விட்சர்லாந்துக்காரரான ரோமன் ஆப்ட் உருவாக்கிய முறை இது. பன்னிரண்டு அடி முன்னால் போனால் ஓர் அடி உயரம் ஏறுகிற இடமும் இருக்கிறது. நீராவி எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. அதனால் முதல் பெட்டியில் இடம் கிடைத்தவர்களுக்குப் பாதை நேராகக் கண்ணுக்கு முன்னால் விரிகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். பல் தண்டவாளத்தில் எஞ்சினை மட்டும் நம்பி விட முடியாது.

பெரியம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். "முந்நூறு மீட்டர்ல இருந்து ஆயிரத்து எழுநூறுக்குப் போறோம். காடு மாறுறத மட்டும் பாத்துக்கிட்டே வா" என்றார். கீழே பாக்குத் தோப்பு, அப்புறம் மூங்கில், அப்புறம் இருண்ட பள்ளத்தாக்குகளில் உயரமான மரங்கள், ரன்னிமேடு தாண்டும்போது தேயிலை. முப்பது வருடம் வகுப்பறையில் வரைபடம் மாட்டிச் சொல்லிக்கொடுத்தது ஜன்னலுக்கு வெளியே வரிசையாக வருவதைப் பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. எல்லோரும் இறங்கி வடையும் டீயும் வாங்கினோம். குரங்குகள் பொட்டலத்தைக் குறி வைத்தே வரும், கையில் எதையும் திறந்து வைத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்லது. கோடை விடுமுறையில் கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம். நாங்கள் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, வார நாளாகப் பார்த்துப் போனோம்.

குன்னூரில் இறங்கிவிட்டோம். பெரும்பாலானவர்கள் ஊட்டி வரை போகிறார்கள். குன்னூரிலிருந்து டீசல் எஞ்சின் மாட்டுகிறார்கள், பல் தண்டவாளமும் கிடையாது. மதியம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு. நூல்கோல் சாம்பார், பீட்ரூட் பொரியல், முட்டைகோஸ் கூட்டு. அன்று காலை பறித்த காய் என்பது கடித்த உடனே தெரிகிறது. பீட்ரூட்டில் மண்வாடையே இல்லை.

மாலை சிம்ஸ் பூங்கா. 1874-ல் தொடங்கியது. ஊட்டிப் பூங்காவை விட இது எனக்கு எப்போதும் ஒரு படி மேல். ஒரு பள்ளத்தின் இயற்கையான சரிவை அப்படியே வைத்துக்கொண்டு மரங்களை நட்டிருக்கிறார்கள். ருத்திராட்ச மரம் ஒன்று இருக்கிறது, அதன் கீழே நீலநிறக் காய்கள் உதிர்ந்து கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பூங்காவுக்கு எதிரில் சிவப்புக் கட்டடமாகத் தெரிவது பாஸ்டர் நிறுவனம், 1907-ல் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்குத் தென்னிந்தியாவில் சிகிச்சை கிடைக்காமல் ஒரு இளம் ஆங்கிலேயப் பெண் இறந்துபோன பிறகு உருவான நிறுவனம். உள்ளே சுற்றுலா கிடையாது. வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

புதன்: குன்னூர்

காலையில் லேம்ப்ஸ் ராக், அப்புறம் டால்பின் நோஸ். இரண்டுக்கும் ஒரே வழி, ஆட்டோ பேசிக்கொண்டு போய்வரலாம். சீக்கிரம் போக வேண்டும். பத்து மணிக்கு மேல் கீழேயிருந்து மூட்டம் ஏறினால் சமவெளி மறைந்துவிடும். டால்பின் நோஸில் நின்றால் எதிர் மலையில் கேத்தரின் அருவி விழுவது தெரியும். கோத்தகிரிப் பக்கம் காபி பயிரைக் கொண்டுவந்த காக்பர்னின் மனைவி பெயர் அந்த அருவிக்கு. கடைகளில் அவித்த கடலை, உப்பு மிளகாய் போட்ட மாங்காய், கேரட். கேரட்டை இலையோடு கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார்கள், அதை வாங்கிக் கழுவிக் கடித்துக்கொண்டே நடங்கள்.

பிறகு ஒரு தேயிலைத் தொழிற்சாலை. பறித்த கொழுந்தை முதலில் நீண்ட தொட்டிகளில் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிறார்கள். அந்த அறையில் பச்சை ஆப்பிளை நறுக்கியது மாதிரி ஒரு மணம். அதற்குப் பிறகுதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. சிடிசி என்றால் பல் வைத்த உருளைகளுக்கு நடுவில் நசுக்கிக் குருணையாக்குவது, நம் டீக்கடைத் தூள் அதுதான். ஆர்த்தடாக்ஸ் என்றால் இலையைச் சுருட்டுவது. அப்புறம் காற்று பட்டுச் செம்பு நிறத்துக்கு மாற விடுகிறார்கள், உலர்த்துகிறார்கள், சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடும். ஃப்ராஸ்ட் டீ என்று கேட்டு வாங்குங்கள். அதைப் பால் ஊற்றிக் காய்ச்சினால் வாங்கியதே வீண். வெந்நீரில் மூன்று நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால் போதும்.

தேயிலையை ரசித்துப் பேசும்போது இன்னொன்றையும் பேசியாக வேண்டும். இந்த மலையின் தேயிலையில் பெரும்பங்கு சிறு விவசாயிகளுடையது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்று அவர்கள் பல வருடங்களாகப் போராடுகிறார்கள், உண்ணாவிரதம்கூட இருந்திருக்கிறார்கள். இன்று மதியம் நாங்கள் சாப்பிட்டது அப்படி ஒரு வீட்டில்தான்.

என்னோடு கல்லூரியில் படித்த தோழி படுகர் சமூகத்தைச் சேர்ந்தவள். குன்னூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் அவளுடைய ஹட்டி, அதாவது படுகர் ஊர். வீடுகள் தனித்தனியாக இல்லை, பக்கச் சுவர்கள் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. முன்னால் பொதுவான முற்றம். அவளுடைய பாட்டி வெளியே வந்ததும் தோழி குனிந்து தலையைக் காட்ட, பாட்டி உச்சந்தலையில் கை வைத்து ஆசி சொன்னார். நானும் குனிந்தேன். எனக்கும் அதே ஆசி கிடைத்தது.

சாப்பாடு: ராகிக் களி, அவரை உதக்க என்கிற குழம்பு. காய்ந்த அவரைக்கொட்டை, உருளைக்கிழங்கு, வீட்டிலேயே வறுத்து இடித்த மசாலாப் பொடி. பொடியின் நிறம் கருஞ்சிவப்பு, காரம் நாக்கில் உடனே ஏறாமல் தொண்டையில் மெல்லச் சூடாகிறது. களி உருண்டையின் நடுவில் குழி பண்ணி நெய் விட்டார்கள். களியைக் கிள்ளி, நெய்யில் தொட்டு, அவரையைச் சேர்த்து அப்படியே விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. மலைக் குளிருக்கும் தோட்ட வேலைக்கும் ஏற்ற சாப்பாடு. கடைசியில் எண்ணெ ஹிட்டு, மாவில் இனிப்புச் சேர்த்துப் பொரித்தது.

பெரியம்மா கேட்டார்: "உங்க காலத்துல என்ன போட்டிருந்தீங்கம்மா, நிலத்துல?"

"சாமை, ராகி, கோதுமை. அப்புறம் உருளைக்கிழங்கு வந்துச்சு. அப்புறம் எல்லாம் டீ" என்றார் பாட்டி. தோழிதான் எங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னாள். "டீய சாப்பிட முடியுமா?" என்று பாட்டி கேட்டதை அவள் மொழிபெயர்த்தபோது யாரும் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு நிலத்தில் இன்னும் அவரையும் பூண்டும் போட்டிருக்கிறார்கள். அன்று நாங்கள் சாப்பிட்ட அவரை அங்கே விளைந்தது.

இப்படி ஒரு வீட்டுச் சாப்பாடு எல்லோருக்கும் வாய்க்காது. குன்னூர், கோத்தகிரி பகுதியில் சில தங்கும் வீடுகளில் முந்தைய நாளே சொல்லி வைத்தால் படுகர் சாப்பாடு செய்து தருகிறார்கள். அறை பதியும்போதே கேட்டுவிடுங்கள். நீலகிரிக்கு வந்து வடநாட்டுத் தாலியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

வியாழன்: ஊட்டி

அரசு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டி. வழியில் அரவங்காடு, கேத்தி. கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது ஜன்னலோரம் இருங்கள். மலைச்சரிவில் படிப்படியாகக் கேரட், பீட்ரூட், பூண்டு வயல்கள். 1835-ல் சீனத் தேயிலை நாற்றுகளைச் சோதனைக்காக நட்ட இடங்களில் கேத்தியும் ஒன்று.

பையை அறையில் போட்டுவிட்டு நேராக மார்க்கெட். ஊட்டியில் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க நேரம் என்றால் நான் நகராட்சி மார்க்கெட்டைத்தான் சொல்வேன். டர்னிப், நூல்கோல், சிவப்பு முள்ளங்கி, புரொக்கோலி, செலரி, மலைப்பூண்டு. மலைப்பூண்டின் பல் சின்னது, நெடி அதிகம். நம் ஊரில் இங்கிலீஷ் காய் என்று சொல்வதெல்லாம் இங்கே மூட்டை மூட்டையாக இறங்குகிறது. ஒரு கடைக்காரர் பெரியம்மாவிடம், "அம்மா, இது வேணாம், நேத்து வந்தது, அந்தக் கூடைல எடுங்க" என்று அவரே கையைக் காட்டினார். பீன்ஸும் பட்டாணியும் வாங்கினோம். பட்டாணியைத் தோல் உரித்துப் பச்சையாகவே சாப்பிட்டுக்கொண்டு ஊர் சுற்றினோம்.

பஸ் ஸ்டாண்டும் பழைய குதிரைப் பந்தய மைதானமும் இருக்கிற இடம் ஒரு காலத்தில் ஏரி. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்த செயற்கை ஏரி அது, இப்போது நாம் படகு விடுவது அதில் மீந்த பகுதி. படகுத்துறைப் பக்கம் நாங்கள் போகவில்லை. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அது சரி, எங்களுக்கு இரைச்சல்.

அதற்குப் பதிலாகச் செயிண்ட் ஸ்டீபன்ஸ் சர்ச். 1829-ல் அடிக்கல் நாட்டியது. வெளியே வெளிர்மஞ்சள் சுவர், உள்ளே போனால் கூரையைத் தாங்கும் தடித்த மர உத்தரங்கள். அந்த மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் மகால் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவை. தோற்ற அரசனின் வீட்டுக் கூரை, வென்றவர்களின் கோயிலுக்குக் கூரையாகியிருக்கிறது. பெரியம்மா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பின்பக்கம் சரிவில் கல்லறைத் தோட்டம். சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். பல கல்லறைகளில் வயதைப் படித்தால் மனசு கனத்துவிடும், அத்தனையும் குழந்தைகள்.

அங்கிருந்து நடந்து வரும் வழியில் நீலகிரி நூலகம். 1859-ல் தொடங்கியது. செங்கல் கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். சென்னையில் அவர் கட்டிய பல்கலைக்கழக செனட் ஹவுஸைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு வித்தியாசமானது என்று புரியும். இதில் இஸ்லாமியக் குவிமாடம் எதுவும் இல்லை, முழுக்கக் குளிர்நாட்டுப் பாணி.

கல் பங்களாவையும் தூரத்திலிருந்து பார்த்தோம். சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய வீடு, ஊட்டியின் முதல் பங்களா. அரசு கலைக் கல்லூரி அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. சல்லிவனைப் பற்றி ஒரு விஷயம் முக்கியம் என்று நினைக்கிறேன். இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் நிலத்தைக் குடியேறிகள் எடுத்துக்கொள்வதை எதிர்த்து, நிலம் தோடர்களுக்கே உரியது என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசோடு வாதாடியவர் அவர். அந்த வாதம் வெல்லவில்லை. அதே மனிதர்தான் இந்த மலையைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டவரும்.

இரவுச் சாப்பாடு கமிஷனர்ஸ் ரோட்டில் ஷின்கோஸ் சைனீஸ் உணவகம். 1954 முதல் ஒரு சீனக் குடும்பம் நடத்தி வருவது. சூப்பும் நூடுல்ஸும் சாதாரணமாக, எண்ணெய் மிதக்காமல் இருந்தன. நம் ஊர் சைனீஸில் இருக்கிற சிவப்பு நிறமே இல்லை. நீலகிரியில் சீனர்களின் வரலாறு இந்தக் கடையை விடப் பழையது. 19-ஆம் நூற்றாண்டில் சீனக் கைதிகளை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து, மலேரியா மருந்துக்கான சின்கோனா மரத் தோட்டங்களில் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

வெள்ளி: ஊட்டி

விடிவதற்கு முன்னால் தலைக்குந்தா. உறைபனி பார்க்க வேண்டும் என்றால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை, முந்தைய இரவு வானம் மேகமில்லாமல் இருக்க வேண்டும். புல்வெளி முழுக்க வெள்ளை. வண்டிகளின் கண்ணாடியிலும் பனி கட்டியிருந்தது. வெயில் பட்ட அரை மணி நேரத்தில் எல்லாம் கரைந்து ஓடிவிட்டது. இதை ரசித்த நேரத்திலேயே, ஓரத்தில் விறகு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்த விவசாயி ஒருவர், பனி கடுமையாக இருந்தால் தேயிலையும் காய்கறியும் கருகிவிடும் என்றார். அவர் அந்தப் பக்கம் ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிடப் போனார். காலையிலேயே தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட்டால் இலை ஓரளவு தப்பும்.

திரும்பி வந்து டீக்கடையில் வர்க்கி. ஊட்டி வர்க்கியைப் பாக்கெட்டில் வாங்கிச் சாப்பிடுவதற்கும், விறகு அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு பேக்கரியில் சாப்பிடுவதற்கும் நிறைய தூரம். மாவைப் புளிக்கவைத்து, மடித்து மடித்து அடுக்கு உண்டாக்கிச் சுடுகிறார்கள். மேலே கரடுமுரடு, உள்ளே ஏடு ஏடாக. டீயில் நனைத்துச் சாப்பிடுவதுதான் முறை. நனைத்து ரொம்ப நேரம் வைத்திருக்காதீர்கள். ஊருக்கு வாங்குவதானால் கிளம்புகிற அன்று காலை வாங்குங்கள்.

சாக்லேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹோம்மேட் என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல. கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு போட்டதுதான் பல கடைகளில் அடுக்கி வைத்திருப்பது. அது வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். என்ன சேர்த்திருக்கிறது என்று கேளுங்கள், நல்ல கடைக்காரர்கள் தயங்காமல் சொல்கிறார்கள்.

தாவரவியல் பூங்காவுக்கு ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டோம். முதலில் ஐரோப்பியர்கள் சந்தா கட்டி நடத்திய காய்கறித் தோட்டம் இது. 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் வந்து பூங்காவாக மாற்றினார். நேற்று மார்க்கெட்டில் நாங்கள் பார்த்த முட்டைகோஸுக்கும் கேரட்டுக்கும் இந்த மலையில் வழி பிறந்தது இப்படிப்பட்ட தோட்டங்களில்தான். உள்ளே 2 கோடி வருடம் பழமையான கல்மரம் கிடக்கிறது. புல்வெளியில் உட்கார்ந்து படம் எடுக்கிற கூட்டத்தைத் தாண்டி மேலே ஏறுங்கள். மேல் ஓரத்தில் தோடர் மந்து, அதாவது தோடர்களின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. வில் வளைந்த கூரை, தவழ்ந்து நுழைய வேண்டிய சின்ன வாசல். அவர்கள் குடியிருக்கிற இடம் அது. கேட்காமல் வாசலில் எட்டிப் பார்ப்பதும், கோயில் பக்கம் போவதும் கூடாது. அன்று ஒரு கூட்டம் குடிசை முன்னால் நின்று ஒருவர் மாற்றி ஒருவர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு அம்மா சமைத்துக்கொண்டிருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தோடர் பூவேலையை வாங்க நினைப்பவர்கள் தோடர் பெண்களிடமோ அவர்கள் பொருட்களை விற்கும் கூட்டுறவுக் கடைகளிலோ வாங்குங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல். கோடு போட்டுக்கொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தைப்பது. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை அதிகம் என்று பேரம் பேசாதீர்கள். ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். பெரியம்மா ஒரு கைப்பை வாங்கி, அங்கேயே பழைய பையிலிருந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டார்.

மதியம் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகம். ஊட்டியிலிருந்து பத்து கிலோமீட்டர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு சமூகங்களின் பொருட்களும் இருக்கின்றன, மாதிரி வீடுகளும் உண்டு. கோத்தர்களின் மண்பாண்டங்களையும் இரும்பு வேலையையும் பார்த்த பிறகுதான் ஒன்று புரிந்தது. படுகர் தானியம், தோடர் பால், கோத்தர் பானையும் கத்தியும், குறும்பர் தேன் என்று ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி ஒரு முழுப் பொருளாதாரமே இந்த மலையில் நடந்திருக்கிறது. சர்ச்சும் ஏரியும் அதற்கு மேல் வந்து உட்கார்ந்தவை. கூட்டமே இல்லாத இடம். விடுமுறை நாளா என்று மட்டும் விசாரித்துக்கொண்டு போங்கள்.

தொட்டபெட்டா 2,637 மீட்டர். மாலை மூடுபனி இறங்கிவிட்டதால் போகவில்லை. அதற்குப் பதில் மெயின் பஜாரில் மட்டன் சுக்கா, பரோட்டா.

சனி: கோத்தகிரி

ஊட்டியிலிருந்து கோத்தகிரி முப்பது கிலோமீட்டருக்குள். மூன்று ஊர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குளிர் நடுத்தரம், மழைமூட்டம் குறைவு, கூட்டம் மிகக் குறைவு. இரவில் மட்டும் தனியாக நடக்காதீர்கள். கரடியும் காட்டுமாடும் ஊருக்குள்ளேயே வருகின்றன, இங்கே இருப்பவர்கள் டார்ச் இல்லாமல் வெளியே வருவதில்லை.

கன்னேரிமுக்கில் பெத்தகல் பங்களா. 1819-ல் மலையேறி வந்த சல்லிவன் தங்கிய வீடு, இடிந்து கிடந்ததை எடுத்துக் கட்டி ஆவணக் காப்பகமாக வைத்திருக்கிறார்கள். பழைய புகைப்படங்கள் நிறைய. குதிரையில், பல்லக்கில், மாட்டு வண்டியில் மலையேறியவர்களின் படங்களைப் பெரியம்மா ஒவ்வொன்றாக நின்று படித்தார். சுமை தூக்கியவர்களின் பெயர் ஒரு படத்திலும் இல்லை.

அங்கிருந்து கோடநாடு காட்சிமுனை. பஸ் குறைவு, ஆட்டோவில் போய் வந்தோம். கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா கிராமம், தூரத்தில் பவானிசாகர் அணை. பக்கத்தில் ரங்கசாமி மலை. டால்பின் நோஸை விட இந்தக் காட்சி பெரியது, பரந்தது. "அந்தப் பக்கம் சத்தியமங்கலம், இந்தப் பக்கம் நாம, நடுவுல ஆறு அறுத்துக்கிட்டுப் போன பள்ளம்" என்று பெரியம்மா கையாலேயே வரைபடம் போட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் அவர் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

பஜாரில் கீஸ்டோன் அமைப்பின் கடையில் காட்டுத்தேன் வாங்கினேன். இருளர், குறும்பர் தேன் எடுப்பவர்களோடு முப்பது வருடமாக வேலை செய்கிறவர்கள். பாறைத்தேன் கொஞ்சம் கசப்பும் புளிப்பும் கலந்தது. சர்க்கரைப் பாகு ருசிக்குப் பழகிய நாக்கு முதலில் திடுக்கிடும்.

மதியச் சாப்பாட்டை விட்டுவிடக் கூடாது. ஆட்டோ ஓட்டுநரிடம் இங்கே இருப்பவர்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். ஒரு அக்கா நடத்துகிற சின்னக் கடைக்குக் கூட்டிப் போனார். தட்டில் தேங்காய் ரொட்டி, சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பல், பருப்பு. அக்காவின் அப்பா அம்மா இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. யாரும் அவர்களைக் கேட்டு அதைச் செய்யவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் தமிழக அரசு இங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது, இப்போது டான்டீ என்கிறோம்.

"அங்கயும் கொழுந்து பறிச்சாங்க, இங்கயும் கொழுந்து பறிச்சாங்க. சம்பல் இடிக்கிற கல்ல மட்டும் அம்மா விடாம தூக்கிட்டு வந்தாங்க" என்றார் அக்கா. கல் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. பெரியம்மா எழுந்து போய், "கொஞ்சம் நான் இடிக்கலாமாம்மா?" என்று கேட்டார். அக்கா மிளகாயும் சின்ன வெங்காயமும் எடுத்துப் போட்டார், கடைசியில் எலுமிச்சை பிழிந்தார். அந்தச் சம்பலுக்கே இன்னும் இரண்டு ரொட்டி சாப்பிட்டோம்.

நான்கு மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ். கோத்தகிரி சாலையில் இறங்க ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். வளைவுகளில் வயிறு பிரட்டுகிறவர்கள் முன் சீட்டில் உட்கார வேண்டும், ரொட்டி இரண்டோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். சென்னை ரயில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான், அவசரமே இல்லை. வருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். மாவட்டத்தில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை, தண்ணீர் பிடிக்க எந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள்தான் முடியும் என்றால் ஊட்டியை ஒரு காலை மார்க்கெட்டோடு முடித்துக்கொண்டு மற்ற நேரத்தைக் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் கொடுங்கள்.